தூக்குநூலுக்கு அடங்காத அச்சு

பாலக்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் நான் நட்டுக் கொடுத்த, மாடு பூட்டிச் சாறு பிழிகிற கரும்பு ஆலைகளில் ஒன்றுகூடச் சாய்ந்ததாக யாரும் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. உலைக்களத்தில் துருத்தி ஊதிக் கிளம்பியவன், முப்பது வயதுக்குள் சொந்தமாக லேத் பட்டறை போட்டேன். இன்ஜினீயர் படித்தவர்களே யோசனை கேட்டு என் வாசலில் நின்றிருக்கிறார்கள். சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்? ஆனால் என் வாயை அடைத்த வேலையும் ஒன்று உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், விடியற்காலையில் கிழக்கே வால்நட்சத்திரம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர், பெங்களூரில் பழைய சாமான் கடையில் பிடித்த தொலைநோக்கி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். அதன் பின்னால் கேமராவை மாட்டி வால்நட்சத்திரத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம். மங்கலான பொருள் என்பதால் கால் மணி நேரம் கேமராவைத் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் வானம் நகர்ந்துவிடும். தொலைநோக்கிக் குழாயும் கூடவே நகர வேண்டும். அப்படி நகர்த்துகிற தாங்கி ஒன்று செய்து தரச் சொன்னார். வால்நட்சத்திரமோ நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. இப்போது விட்டால் நம் ஆயுளில் திரும்பி வராது என்றார்.

அவருடைய ஸ்டுடியோ முக்காலி, மூச்சு விட்டாலே ஆடியது. அதை ஒதுக்கினேன். அடுத்து இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பிரித்து ஒரு தாங்கியின் படத்தைக் காட்டினார். அதில் அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“படத்துல சாஞ்சுதானுங்க இருக்குது, மேஸ்திரி,” என்றார் தயங்கியபடி.

“சாஞ்ச அச்சு பேரிங்கைத் தின்னுப்புடுமுங்க. வெள்ளைக்காரன் பூமி எப்பிடியோ, நம்ம பூமி கெட்டி,” என்றேன்.

உடைந்த ஆலை ஒன்றின் இரும்பு அடிப்பாகத்தை எடுத்து, நடுவில் செங்குத்தாக அச்சை நிறுத்தி, அதன் தலையில் குழாயைப் பூட்டினேன். பல் சக்கரத்தையும் அதைக் கடித்துத் திருப்பும் நீளத் திருகையும் நானே கடைந்தேன். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் குழாய் இம்மிதான் நகரும். குறி பார்க்க, குழாயின் மேலேயே தனியாக ஒரு சின்னத் தொலைநோக்கி. அதன் கண்ணாடியில் என் வீட்டுக்காரியின் தலைமுடி இரண்டைக் குறுக்கே ஒட்டினோம். எல்லாவற்றையும் எங்கள் மேட்டுக்காட்டு நிலத்தில் இறக்கி, தூக்குநூல் விட்டு, ரசமட்டம் வைத்து நிமிர்த்தினேன். பார்க்க வந்த வீட்டுக்காரி ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“ஆலைய நட்டுப்புட்டீங்க. கரும்பு எங்கீங்க?”

மறுநாள் நாலு மணிக்கு வால்நட்சத்திரத்தின் தலையை முடிகள் சந்திக்கிற இடத்தில் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினேன். அது நேரே மேலே ஏறியது. என் குழாய் பக்கவாட்டில் போனது. சுற்றச் சுற்ற விலகியது. அன்று பகலில் ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவினால் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

ஸ்டுடியோக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேசையிலிருந்து வேறொரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மொட்டை மாடிச் சுவரில் கேமராவை அசையாமல் வைத்து, வடக்கே பார்த்து ரெண்டு மணி நேரம் எடுத்தது. நட்சத்திரமெல்லாம் வளைந்த கோடுகள். அத்தனை வளைவும் ஒரே புள்ளியைச் சுற்றின. அந்தப் புள்ளி வடக்கே இருக்கிற கரட்டு மலைக்குச் சற்று மேலேதான் இருந்தது. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முஷ்டி உயரம், அதற்கு மேல் கொஞ்சம்.

மாடு சுற்றுகிற ஆலை மாதிரி வானம் தலைக்கு மேலே சுற்றுகிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. கிணற்று உருளை மாதிரி சுற்றுகிறது. அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. எவ்வளவு பெரிய உருளை! எண்ணெய் விட ஆளில்லை, ஒரு கிறீச் சத்தமில்லை, தேய்மானமில்லை. நான் செய்த எந்த மிஷினைப் பற்றியும் அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஸ்டுடியோக்காரர் அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொன்னார். அந்தப் புள்ளியில் இருப்பது துருவ நட்சத்திரம்; வெள்ளைக்காரன் ஊரில் அது உயரத்தில் நிற்குமாம். அதனால்தான் படத்தில் அச்சு பாதிதான் சாய்ந்திருந்தது. நமக்கு அது தாழ்வு. ரெண்டு நாள் பட்டறையைச் சாத்திவிட்டு அச்சை இறக்கிப் படுக்க வைத்தேன். ஒரு கெஜ அச்சுக்கு வடக்கு முனையைச் சாணுக்குக் கொஞ்சம் குறைய உயர்த்தி, அது துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும்படி பூட்டினேன். தூக்குநூல் பையிலேயே கிடந்தது.

அடுத்த விடியலில் வால்நட்சத்திரம் நன்றாக வெளுத்துப் போயிருந்தது. இருந்தாலும் முடிகளுக்கு நடுவில் நின்றது. மெல்லச் சுற்றினேன். அசையவே இல்லை.

“நிக்குதுங்களா?” என்றார் அவர், காதோரமாக.

“ஆணி அடிச்சாப்பல நிக்குதுங்க.”

“அது நிக்கிறதுதானுங்க. நாமதான் உருண்டுக்கிட்டிருக்கிறோம்.”

காலுக்குக் கீழே மேட்டுக்காடு கிழக்கே உருள்வதை அப்போதுதான் உணர்ந்தேன். பூமி உருள்கிற அளவுக்கு, அதற்கு எதிர்ப்பக்கமாக இந்தக் கையால் கால் மணி நேரம் உருட்டியிருக்கிறேன். அப்புறம் எத்தனையோ மோட்டார் ஓட்டினேன். அப்படி ஒரு கைப்பிடியை மறுபடி பிடித்ததில்லை.

இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டோத் தாள் கிடந்தது. முதலில் தலை தெரிந்தது; பிறகு வால், ஈரத் துணியில் மஞ்சள் பரவுகிற மாதிரி. வாலுக்குள்ளேயே, அதை ஊடுருவி, பின்னால் இருக்கிற நட்சத்திரங்கள் ஊசிமுனைப் புள்ளிகளாக நின்றன. ஒன்றுகூடக் கோடாக இழுபடவில்லை. ஸ்டுடியோக்காரர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.