மேரி பிறந்த நேரம்

மருமகன் வாங்கி வந்த மடிக்கணினியின் பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசம் வீடெங்கும் பரவியது. "மாமா, இதோட சிப்புக்கு ஒரு ஏரி பேர ரகசியமா வச்சிருக்காங்க," என்றார். பாதிதான் காதில் விழுந்தது. அந்த வாசம் என்னை மலேசியாவின் கோலா சிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்ட ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. நான் அங்கே சின்னக் கிராணி. கணக்கு எழுதுவேன், அதைவிட அதிகமாக ஆங்கிலம் பேசுவேன். பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் செம்பனைக் குலை வெட்டும் முனியாண்டியும் ஒருவர். பெட்டியின் மேல் 2317 என்று மாடல் எண். அவர் கண் அதிலேயே நின்றது. தோட்டத்தில் நாலு இலக்கம் எதில் தென்பட்டாலும், கவிழ்ந்த லோரியின் நம்பரானாலும், சனிக்கிழமை லாட்டரி நம்பர் கடையில் காசு கட்டி அதை எடுக்காமல் விடமாட்டார்கள்.

"இந்த நம்பர ஏன் வச்சான் ஐயா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கிராணிமார் வாயில் அந்தச் சொல் வருவதில்லை. இந்த யந்திரங்களுக்கு மகள் பெயரைக்கூட வைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். "செஞ்ச இஞ்சினியரோட மக பொறந்த நேரம். ராத்திரி பதினொன்னு பதினேழு. இருபத்துநாலு மணிக் கணக்குல 2317," என்றேன்.

"பொறந்த நேரமா? அப்ப ராசியான நம்பருலா."

அந்த வாரம் தோட்டமே அதை எடுத்தது. முனியாண்டி சைக்கிளை விற்று எடுத்தார். நம்பர் விழவில்லை.

திங்கட்கிழமை அவர் ஆபீசுக்கு நடந்து வருவதைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டேன். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நம்பரு மேல தப்பில்ல ஐயா. அந்தப் புள்ளைக்குத்தான் நேரம் சரியில்ல. மேலுக்கு முடியலியோ என்னமோ. ஒரு அர்ச்சனை பண்ணிருவோம். பேரென்ன?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மேரி," என்றேன்.

"நட்சத்திரம்?"

"ரோகிணி."

வெள்ளிக்கிழமை மாரியம்மன் முன்னால் பூசாரி, "ரோகிணி நட்சத்திரம், மேரி..." என்று இழுத்து என்னைப் பார்த்தார்.

"வெள்ளக்காரப் புள்ள சாமி. நிறுத்தாம சொல்லுங்க," என்றார் முனியாண்டி. தேங்காய்கூட அவர் செலவு. இல்லாத பிள்ளைக்காக நானும் கைகூப்பி நின்றேன்.

அதன்பின் அவர் வேலைக்காட்டுக்கு நடந்தே போனார். சைக்கிளை நான் திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பாரே என்ற பயம். அவர் கேட்டதெல்லாம் வேறு. தஞ்சோங் காராங் சந்தையில் பார்த்தாலும், "மேரி எப்படி இருக்கு ஐயா?" என்பார். "நல்லாருக்கா," என்பேன். போகப்போக அவளுக்குக் கல்யாணமும் முடித்து வைத்தேன். இரட்டைப் பிள்ளை என்று சொன்ன அன்று அவர் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். குடித்தேன்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆபீஸ் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். முனியாண்டி போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை நான் சொல்லவில்லை. மருமகனின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இதிலும் நாலு இலக்கம்தான். மேரி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் ஆளில்லை.