தூதன் வராத நாடகம்

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். எங்கள் நாடகக் குழுவுக்கு முதலாளியும் அவரே, ராஜபார்ட்டும் அவரே. வாத்தியார் என்று கூப்பிடுவோம். ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் கொட்டகை போட்டிருந்தோம். எனக்குத் தூதன் வேஷம். கடைசிக் காட்சியில் ஓடி வந்து, போரில் இளவரசன் செத்துவிட்டான் என்று ராஜாவிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்துக்காக, அரிதாரம் முகத்தை அரிக்க, மேடையோரச் சைடு தட்டிக்குப் பின்னால் நாடகம் முழுக்கக் காத்துக் கிடப்பேன்.

மாமல்லபுரத்தில் மாசி மகத்துக்கு ஆடினபோது வந்தது வினை. கடற்கரையில் கூடியிருந்த சனம் என் வசனத்துக்கு ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டது. வழக்கமாகப் பாட்டுக்குத்தான் கேட்பார்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், அது தொழில் சட்டம். நானும் உள்ளே போய் மறுபடி ஓடி வந்தேன். பெற்ற பிள்ளை செத்த சேதியை வாத்தியார் மறுபடி கேட்டு, மறுபடி நெஞ்சில் அடித்துக்கொண்டு விழ வேண்டியதாயிற்று. விழுந்த இடத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். முட்டாள் நான், எனக்கு அப்போது புரியவில்லை.

அச்சரப்பாக்கத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, நான் நடிகன் என்பதை நம்பவேயில்லை. திரை இழுக்கிறவன் என்றே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஒருமுறை என் குரலை மேடையில் கேட்டால் போதும், அவர் வாய் அடைத்துவிடும் என்று நினைத்தேன். செங்கல்பட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு வரச் சொன்னேன். வந்தார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசிக் காட்சி. மேடைக்கு ஓட நான் காலைத் தூக்கிவிட்டேன். அதற்குள் வாத்தியார் சிம்மாசனத்திலிருந்து எழுந்து, "கனவு கண்டேன்!" என்றார். மகன் செத்ததைக் கனவில் கண்டாராம். கண்டதைச் சொல்லத் தொடங்கினார். என் வசனம்! வார்த்தை பிசகாமல், நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் மூச்சு வாங்கி, முழுவதையும் பேசி முடித்து விழுந்தார். கொட்டகை அழுதது. திரை இறங்கியது.

"இன்னா வாத்தியாரே, என் வசனத்த நீங்களே பேசிட்டீங்க?"

"ராஜாவுக்கே சேதி தெரிஞ்சப்புறம் தூதன் இன்னாத்துக்குடா? போய் வேஷத்தக் கலை."

கலைக்காமல் அப்படியே வெளியே ஓடினேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அந்த ராஜா அழுதான் பாரு, எனக்கு நெஞ்சே வெடிச்சிப்பூட்ச்சி. ஆமா, நீ எங்கடா இருந்த?"

அந்த வாரமே குழுவை விட்டேன். வாத்தியார் நாசமாய்ப் போக வேண்டும் என்று போகிற வழிக் கோயிலில் எல்லாம் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியும் காது கொடுக்கவில்லை. அப்புறம் சென்னையில் சபா நாடகங்கள், வானொலி என்று அலைந்து, தொலைக்காட்சி வந்தபோது அங்கே தயாரிப்பாளர் ஆனேன்.

ஒருநாள் யாரோ பெரியவரின் சிபாரிசோடு வாத்தியார் வந்து நின்றார். பல்லெல்லாம் போயிருந்தது, திமிர் மட்டும் போகவில்லை. "வசனம் நெறைய இருக்கட்டும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல். நாற்காலியில் உட்கார்ந்து, பேரன் செத்த சேதியைக் கேட்கும் கிழவன் வேஷம் கொடுத்தேன். சேதி சொல்லும் பையனுக்கு நீள வசனம். கிழவனுக்கு ஒரு சொல்கூட இல்லை. கேள், நன்றாகக் கேள், இந்த முறை உன் கனவெல்லாம் செல்லாது என்று மனதுக்குள் கறுவினேன்.

நான் மேடைக்காரன். பேசுகிறவன்தான் ஜெயிப்பான் என்று நினைத்துவிட்டேன். படப்பிடிப்பில் பையன் பேசப் பேச, காமிராவோ கிழவனின் முகத்தை விட்டு நகரவில்லை; நகர்த்தச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அவர் உதடு மட்டும் நடுங்கியது. மனுஷன் வாயைக் கட்டினேன், மூஞ்சியைக் கட்டத் தெரியவில்லை.

நாடகம் ஒளிபரப்பானதை, மகன் நாடகம் என்று அச்சரப்பாக்கம் பஞ்சாயத்து ஆபீஸ் டிவியில் அப்பா பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காலத்து ராஜாதானே அவன்? ஒரு வார்த்த பேசல, ஊரே அய்துச்சிடா. நானும் கண்ணக் கொட்டாம கடசி வரிக்கும் பாத்துகினே இருந்தேன்."

கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எங்கடா இருந்த?"