மார்கழியைப் போரில் இறக்கினேன்

எங்கள் தொழிலில் சரக்கு கண்ணுக்குத் தெரியாது. மார்கழிக் குளிரைப் பூமிக்குள் போட்டுவைத்து, சித்திரையில் எடுத்து விற்கிறோம். வேகாத வெயிலில் படியேறி எதையாவது விற்க முயன்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நெருப்பு மலை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் லாட்ஜ் நடத்தும் செல்வி அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். பனிக்காலத்தில் தண்ணீரை வெளிக்காற்றில் ஆறவைத்து ஒரு ஆழ்துளைப் போரில் இறக்குவோம், பாறை இடுக்கில் அது குளிர்ந்தே கிடக்கும், கோடையில் ஏற்றி அறைக் கூரையில் குழாய் வழியே ஓடவிட்டால் ஏசி வேண்டாம், சூடேறிய தண்ணீர் இரண்டாவது போருக்குப் போய்விடும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அக்கா மலையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏங்க, இது நெருப்பு மலைங்க. அடியில போட்டா ஜில்லுனு வருமா, வெந்து வருமா?"

பேர் வைத்தது

ஒருவழியாகச் சம்மதித்தார். சித்திரையில் அறை குளிராவிட்டால் எல்லாவற்றையும் நானே கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. வேங்கிக்காலில் வீடு கட்டும் இரண்டு பேர் வேறு, இந்த லாட்ஜைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று காத்திருந்தார்கள். இது சொதப்பினால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மேனேஜர் முருகையன், குழப்பம் வரக்கூடாதென்று, குளிர்ந்த போருக்கு 'மார்கழி', சூட்டுப் போருக்கு 'சித்திரை' என்று பெயின்டில் எழுதினார். பிறகொரு நாள் அக்காவிடம் போனில் சொன்னார்:

"மார்கழி ரொம்பிடுச்சுங்க. தை பொறந்ததும் மூடி போட்டுடலாம்."

சித்ரா பௌர்ணமி

அறைகள் குளிரத்தான் செய்தன. வேங்கிக்கால்காரர்கள் சித்ரா பௌர்ணமி சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். மதியமே போய் இறங்கினேன். வாசலில் ஹோஸ் பைப்போடு அக்கா! கிரிவலம் போகிறவர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் துள்ளித் துள்ளி வந்து, அந்த ஈரத்தில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளிலிருந்தே இப்படியாம். தண்ணீரைத் தொட்டேன். ஜில்! "அக்கா, அது மார்கழி!" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுதாங்க ஊத்துறேன். மொதல்ல சித்திரையத்தான் ஊத்தினேன், துள்ளல் கம்மியாவல."

பார்க்க வந்தவர்கள்

சாயங்காலம் மார்கழி தீர்ந்துவிட்டது. வந்தவர்கள் கூரையைத் தடவினார்கள், சட்டையைத் தளர்த்திக்கொண்டார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது. பேச்சு பேச்சுதானே என்று குழாயைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"எதுக்குங்க கழட்டுறீங்க? வர்ற மார்கழிக்கு இன்னொரு போர் போடுங்க. ரூமுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு."

ஆக, எங்கள் சரக்கைக் கண்ணில் காட்ட முடியாதே என்று நான் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம், காலில் ஊற்றினால் போதும்.