கொம்பு முளைத்த சாதனை

எங்கள் கல்லூரியின் சாதனைகளை வருஷா வருஷம் எழுதுகிறவள் நான்தான். தமிழ்த்துறைத் தலைவி என்று பெயர்; துறையில் என்னையும் சேர்த்து இரண்டே பேர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கல்லூரி. திருச்சபை நடத்துகிறது. கல்லூரி நாளன்று மேடையில் வாசிக்கும் ஆண்டறிக்கையைத் தமிழ் தெரிந்தவர் எழுதினால் நன்றாயிருக்கும் என்று முதல்வர் ஒருமுறை சொன்னார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இப்போதெல்லாம் மாசி பிறந்தாலே எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

அறிக்கை எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிள்ளைகள் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனால் அது சுற்றுச்சூழல் கள ஆய்வு. போன வருஷம் பட்டுப்போன வேம்பின் குழியிலேயே இந்த வருஷமும் ஒரு வேம்பை வைத்தால் அது மரம் நடு விழா. படத்தில் நிற்கிற ஆட்கள்தான் மாறுவார்கள், குழி மாறாது. நான் பொய் எழுதுவதில்லை. கசங்கிக் கிடப்பதைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுக் கொடுப்பேன், அவ்வளவுதான். இஸ்திரி தேவைப்படாத சாதனை எங்களுக்குக் குதிரைக்கொம்பு.

அந்த வருஷம் அப்படி ஒன்று வாய்த்தது. மூன்றாமாண்டு தமிழ் படித்த ஒரு பெண். கான்சாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா, அம்மா இருவருக்கும் வயல் வேலை. ஐந்து பருவத்திலும் அவள்தான் முதலிடம். போதாததற்கு மாநில அளவில் நடந்த கட்டுரைப் போட்டியிலும் முதல் பரிசு வாங்கி வந்தாள். அதிகம் பேசமாட்டாள். எழுதச் சொன்னால் நமக்கே பொறாமை வரும்.

திங்கட்கிழமை அவள் என் மேசைக்கு ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். மதுரையில் உள்ள ஒரு கல்லூரியில் எம்.ஏ. படிக்க ஒரே ஓர் இலவச இடம், விடுதிச் சாப்பாடு உட்பட. துறைத் தலைவரின் பரிந்துரை வேண்டும், முதல்வரின் முத்திரை வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் போகவேண்டும்.

"இது கெடச்சா படிக்கலாம்னு அப்பா சொல்லிட்டாங்கம்மா. இல்லன்னா மில்லுக்குப் போகணும்" என்றாள். மற்ற துறைகளில் எல்லாரும் மேம். தமிழ்த்துறையில் மட்டும் இன்னும் அம்மாதான்.

"நீ கவலைப்படாத. கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, நானே அனுப்பிருதேன்" என்றேன். தொலைந்துவிடக் கூடாதே என்று ஆண்டறிக்கைக் கோப்பின் உள்பையில் வைத்தேன். அந்த வாரம் என் கையை விட்டு இறங்காத கோப்பு அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அச்சகத்திலிருந்து அறிக்கைக் கட்டுகள் வந்து இறங்கின. முதல்வர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். நடுப்பக்கத்தில், அந்தப் பெண்ணின் படத்துக்கு மேலே, பெரிய எழுத்தில் தலைப்பு: 'இவ்வாண்டின் சோதனைகள்'.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். "எழுத்துரு மாத்தையில ஒரு கொம்பு வந்து ஒட்டிருச்சும்மா. ஆனா நீங்கதான புரூப் பாத்து ஓகே போட்டீங்க" என்றார் அச்சகக்காரர். உண்மைதான். பஸ்ஸில் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி போனில் பார்த்து ஓகே போட்டவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய வேலை. தலைப்பைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் அதே தலைப்புதானே.

"நம்ம ஜெபத்துல தெனமும் வேண்டாம்னு கேக்குறது இங்க தலைப்பா நிக்குது. நாளைக்குப் பேராயர் வாராரு" என்றார் முதல்வர். கோபப்படுவார் என்று நினைத்தேன். பாவம், அவருக்கும் அலுப்புதான். "ஒரு கொம்புதானம்மா. பிளேடு வச்சுச் சொரண்டிருவோம். மொத்தம் எம்புட்டு இருக்கு?"

தமிழில் இது ஒரு வசதி. சோவன்னாவின் இரட்டைக் கொம்பை எடுத்துவிட்டால் சாவன்னா. வேறெதையும் தொடவேண்டாம். அரைப் பிளேடுகளை வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்தோம். கை போதாமல் மூன்றாமாண்டுத் தமிழ்ப் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். "நம்ம சாதனைக்குக் கொம்பு மொளச்சிருச்சு பாருங்க" என்று வணிகவியல் பேராசிரியர் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுத்திச் சுரண்டினால் தாள் கிழியும். மெல்லச் சுரண்டினால் கொம்பு நிழலாகத் தெரியும். பொறுமையாகச் செய்கிற வேலை.

அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தன் படத்துக்கு மேலிருந்த கொம்பை ஒவ்வொரு பிரதியிலும் சுரண்டி, தூளை ஊதிவிட்டு, அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் அளவுக்குச் சுத்தமாக யாரும் சுரண்டவில்லை. நாலு மணி வாக்கில் பிளேடைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்று மறுபடி எடுத்துக்கொண்டாள்.

முடிக்க ஐந்தரை ஆகிவிட்டது. முதல்வர் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு வடையை வேண்டாமென்று சொல்லாமல் தின்றேன். ஒரு கண்டம் தாண்டிய நிம்மதி எனக்கு.

மறுநாள் விழா. பேராயர் முன்னால் அறிக்கையை வாசித்தேன். அவள் பெயரைச் சொன்னபோதுதான் கைதட்டல் நிஜமாக இருந்தது. அவள் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடைப் படியில் இறங்கியவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த மதுரை பாரம் நேத்தே போயிருச்சுல்ல?"

கோப்பு என் கையில்தான் இருந்தது. உள்பையைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. திறந்தேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. பரிந்துரைக்கு விட்டிருந்த இடத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

"ஏட்டி, நேத்து முழுக்க எதிர்லதான இருந்த. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அவள்மேல் கோபப்படுகிறேன் என்பது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நீங்க வேலையா இருந்தீங்கம்மா. செத்த நேரம் பொறுத்துக் கேப்போம்னு இருந்தேன். பொறவு மணி ஆயிருச்சு. அதுக்கு முந்தியே அனுப்பிருப்பீங்கன்னு நெனச்சேன்."

மௌனம் சாதிப்பது என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து ஒருத்தி அதைச் செய்தபோது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மதுரைக்குப் பேசினேன். முதல்வரும் பேசினார். தப்பு என்னுடையது என்று கடிதமும் எழுதினேன். கடைசி நாளுக்குள் வந்த விண்ணப்பங்களிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் இனி மாற்ற முடியாது என்றும் பதில் வந்தது. செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒங்க மனசு பெருசு டீச்சர். ஆனா அடுத்தவக காசுல புள்ளைய வெளியூருக்கு அனுப்ப மாட்டேன்" என்று கும்பிட்டார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த மாசி வந்தது. அறிக்கைக்கு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தாள்கள் வந்தன. வேலைவாய்ப்புப் பிரிவின் தாளில் 'சென்ற ஆண்டு படிப்பை முடித்து, முன்னணி நிறுவனங்களில் பணியில் அமர்ந்தோர்' என்று ஒரு பட்டியல். மூன்றாவதாக அவள் பெயர். எதிரே ஒரு நூற்பாலையின் பெயர்.

அலுவலக எழுத்தரிடம் எடுத்துப் போய், இதைச் சாதனையில் சேர்க்கவேண்டாமே என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் புள்ள மில்லுல சேந்தது நெசந்தான?"

நிஜம்தான். காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது மில் பஸ்ஸின் ஜன்னலோரம் சில நாள் அவளைப் பார்க்கிறேன். கை காட்டுவாள்.

இருக்கைக்குத் திரும்பி வந்து தாளை மேசையில் விரித்தேன். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். தலைப்பு சரியாக இருந்தது. அவள் பெயர் சரியாக இருந்தது. எங்கும் ஒரு பிழை இல்லை. சரிபார்த்தவர் கையெழுத்து என்று விட்டிருந்த இடத்தில், மறக்காமல், கையெழுத்துப் போட்டேன்.