ஐந்து வீட்டுச் சாப்பாடு

சிறு வயதில் எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி இருந்தது. கிரிவலம் போகிறவர்கள் ஏன் எல்லோரும் ஒரே பக்கமாகவே சுற்றுகிறார்கள், எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் மலை கோபித்துக்கொள்ளுமா? வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, மென்றால் வாய் மட்டும் ஏன் சிவக்கிறது? அம்மா பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிச் சமாளித்தாள். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார். எவ்வளவு கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லி அனுப்பியவர் எங்கள் காம்பவுண்டில் ஒருவர்தான். அவர் கடைசி வீட்டு நர்ஸ் அக்கா.

மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலைக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்த பிறகு அப்பாவுக்கு அங்கே மாற்றல் ஆனது. செங்கம் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு காம்பவுண்டில் குடியேறினோம். முன்பக்கம் வீட்டு ஓனர் குடும்பம். ஓனர் மனைவியைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அடுத்த போர்ஷனில் நாங்கள். எங்களை ஒட்டி ஒரு டீச்சரும் அவர் கணவரும். ஓனர் வீட்டு மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தார். குளிர்காலத்தில் வந்து ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விடுவார். எல்லாவற்றுக்கும் பின்னால், கிணற்றை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் நர்ஸ் அக்கா தனியாக இருந்தார்.

நர்ஸ் அக்கா இல்லாமல் அந்தக் காம்பவுண்டு நடக்காது. எனக்குக் காய்ச்சல் என்றால் "நாக்க நீட்டு பாப்பா" என்று பார்த்துவிட்டு, வலிக்கும் முன்பே ஊசியைப் போட்டு முடித்திருப்பார். ஓனருக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போனது நர்ஸ் அக்காதான். டீச்சருக்குத் தலைசுற்றல், அம்மாவுக்கு முதுகுவலி, எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா அவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பமாட்டாள். அதற்கென்றே நீலப்பூ போட்ட கண்ணாடி டம்ளர் ஒன்று சன்னல் மேல் தனியாக இருந்தது. எங்களுக்கெல்லாம் நசுங்கிய எவர்சில்வர், அவருக்கு மட்டும் பூப்போட்ட கண்ணாடியா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஒருநாள் அதில் தண்ணீர் குடித்ததற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.

அவருக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். கடலை பிடுங்கும் காலத்தில் ஒரு பை நிறையப் பச்சை வேர்க்கடலை கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பார். நீங்களே வேகவைத்துக் கொடுத்தால் என்ன என்று அவரையும் கேட்டேன்.

"உங்க அம்மாதான் உப்பு சரியா போட்டு வேக வெப்பாங்க" என்றார். அம்மாவின் கைப்பக்குவத்துக்கு இப்படி ஒரு ரசிகை இருப்பதில் எனக்குப் பெருமை.

ஐந்து வீட்டுச் சாப்பாடு யோசனை வெள்ளைக்காரம்மாவுடையது. அவர்கள் ஊரில் அண்டை வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஒரு வீட்டில் சூப், அடுத்த வீட்டில் சாப்பாடு, இன்னொரு வீட்டில் இனிப்பு என்று நடந்து நடந்து சாப்பிடுவார்களாம். டீச்சர் இதை எங்களுக்கு மொழிபெயர்த்தார். சாப்பிட உட்கார்ந்தவர்களை இலையிலிருந்து எழுப்பி அடுத்த வீட்டுக்கு அனுப்புவது என்ன மரியாதை என்று பெரியம்மா முதலில் முகம் சுளித்தார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. இரவுச் சாப்பாடு என்றிருந்ததை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் போடுவார்கள் என்பதால் மதியச் சாப்பாடாக மாற்றினார்கள்.

மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. சூப் வெள்ளைக்காரம்மாவுக்கு. மீதியை யார் செய்வது என்று சண்டை வரக்கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் அப்பா. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு. சாதம் சாம்பார் பொரியல், ரசம் அப்பளம், தயிர்சாதம் ஊறுகாய், பழம் வெற்றிலைபாக்கு என்று நான்கு சீட்டு எழுதி மடிக்கப்போனேன். பெரியம்மா கையை நீட்டிக் கடைசிச் சீட்டை எடுத்துக்கொண்டார்.

"இது நர்சம்மாவுக்கு. டூட்டி பாக்கிறவங்க, சுலபமா இருக்கட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்து, வெள்ளைச் சேலையோடு படிக்கட்டருகே நின்றிருந்த நர்ஸ் அக்கா, "அன்னிக்கு எனக்கு லீவுங்க. பாயசம் நான் பண்ணிடறேங்க" என்றார்.

"நீங்க எதுக்கும்மா கஷ்டப்படணும். பழமும் வெத்தலயும் வாங்கி வெச்சிடுங்க. அதுவே ஜாஸ்தி."

டீச்சர் மலையைப் பார்த்தார். அப்பாவிடம் அன்று செய்தித்தாள் இல்லை, ஆகையால் அவரும் மலையைப் பார்த்தார். மூன்று வீட்டுக்கு மூன்று சீட்டு குலுக்கிப் போட்டோம். பெரியம்மாவுக்குச் சாம்பார், எங்களுக்கு ரசம், டீச்சருக்குத் தயிர்சாதம்.

எனக்கு இது விளங்கவே இல்லை. பாயசம் இல்லாத விருந்தா? அதுவும் ஒருவர் தானாகச் செய்கிறேன் என்னும்போது வேண்டாம் என்பார்களா? அம்மாவைக் கேட்டேன். "சும்மா கெட" என்றாள். அது பத்தில் ஒன்பதுக்கான பதில். நேராகக் கிணற்றடிக்குப் போனேன். நர்ஸ் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, உங்க வீட்ல மட்டும் ஏன் சமைக்கறது இல்ல?"

அவர் சேலையைப் பிழிந்து முடித்தார். "எனக்கு சமைக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டாங்க போல" என்றார்.

"தெரியுமா?"

"சேமியா பாயசம் நல்லா வரும்."

"அப்போ பண்ணுங்க."

"பண்ணா யாரு குடிக்கறது?"

"நான் குடிப்பேன். ரெண்டு டம்ளர்."

"நெஜமாவா?"

"சத்தியமா" என்று அவருடைய ஈரக் கையில் அடித்தேன். அவர் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாயசத்தைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது, எல்லோருக்கும் அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாடியில் தொடங்கினோம். வெள்ளைக்காரம்மா தக்காளி சூப்பில் ஏதோ பாக்கெட்டைக் கிழித்து ஒரு பொடியைத் தூவினார். அந்தப் பொடி எந்த ஊர், எதிலிருந்து செய்தது என்று யாரும் கேட்கவில்லை. குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்காத பெரியம்மா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, இங்கிலீஷில் குட்டு, குட்டு என்றார். பிறகு கீழே இறங்கி அவர் வீட்டில் சாம்பார் சாதம். அங்கிருந்து கையைக் கழுவிக்கொண்டு எங்கள் வீட்டில் ரசம். நடந்ததில் பசி திரும்பிவிட்டது என்று ஓனர் மூன்று முறை சாதம் வாங்கினார். நர்ஸ் அக்கா எங்கள் ஹாலுக்குள் வராமல் வாசல்படி ஓரமாகவே இலை போட்டுக்கொண்டார். அங்கேதான் காற்று வருகிறது என்றார். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரசம் சாதம் முடிந்ததும், வீட்டில் ஏற்பாடு இருக்கிறது என்று என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். டீச்சர் வீட்டுத் தயிர்சாதத்தை நான் வேண்டுமென்றே நாலு வாயோடு நிறுத்திக்கொண்டேன். வயிற்றில் இரண்டு டம்ளருக்கு இடம் வேண்டுமே.

டீச்சர் வீட்டைத் தாண்டிக் கிணற்றுப் பக்கம் திரும்பியதும் நெய்யில் வறுத்த முந்திரியின் வாசனை வந்தது. முன்னால் போன பெரியம்மா நின்றார். அவருக்குப் பின்னால் எல்லோரும் நின்றோம்.

நர்ஸ் அக்கா வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே புதுப் பாய்கள். சின்ன மேசைமேல் ஒன்பது எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. புதிதாக வாங்கியவை. ஒன்றிரண்டில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. எல்லாவற்றிலும் ஆறிப்போகாமல் இருக்க அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தார். ஆவி வந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு முக்காலிமேல் தட்டில் வாழைப்பழமும் வெற்றிலைபாக்கும் இருந்தன.

"உள்ள வாங்க. எல்லாரும் உள்ள வாங்க" என்றார் நர்ஸ் அக்கா. பட்டுச் சேலை கட்டியிருந்தார். பட்டில் அவரை அன்றுதான் பார்த்தேன்.

பெரியம்மா உள்ளே போகவில்லை. தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டு அதக்கிக்கொண்டார். அவசரமே இல்லை. பிறகு வாயைச் சற்று மேலே தூக்கியபடி, "அடடா, வெத்தல போட்டுட்டனேம்மா" என்றார்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை போட்டால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள், யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். பெரியம்மா தட்டை ஓனரிடம் நீட்டினார். ஓனர் எடுத்தார். அவர் மகன் எடுத்தான். டீச்சர் எடுத்தார், டீச்சர் கணவர் எடுத்தார். ஆபீசில் வெற்றிலை போட்டுச் சுவரில் துப்புகிறவர்களைத் தினமும் வீட்டுக்கு வந்து திட்டும் அப்பா, இரண்டு எடுத்தார். அம்மா என்னைப் பார்த்தாள், பாயசத்தைப் பார்த்தாள். கல்யாணத்தில்கூட வெற்றிலை போட்டுக்கொள்ளாதவள் என்று அவளே சொல்வாள். தட்டு அவள் முன் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றை எடுத்து, பாக்கும் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லாமல் அப்படியே வாயில் திணித்துக்கொண்டாள்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் வெற்றிலை மெல்வதை நான் பார்த்ததில்லை. என் நெடுநாள் ஆசை ஒன்று அந்தத் தட்டில் இருந்தது. கேட்டபோதெல்லாம், சின்னப் பிள்ளைகள் வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்று விரட்டிவிடுவார்கள். அன்று பெரியம்மா தாமாகவே என்னைப் பக்கத்தில் இழுத்து, இளம் வெற்றிலையாகப் பார்த்து எடுத்து, துளி சுண்ணாம்பும் பாக்குத்தூளும் வைத்து மடித்தார்.

"ஒரு நாள் போட்டா ஒண்ணும் ஆவாது. ஆ காட்டு."

நான் ஆ காட்டினேன்.

வெள்ளைக்காரம்மா மட்டும் வெற்றிலையை முகர்ந்து பார்த்து வேண்டாம் என்று வைத்துவிட்டு உள்ளே போனார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார். நர்ஸ் அக்கா மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு, என்னிடம் வந்தார். அதில் மற்றதைவிட முந்திரி கொஞ்சம் அதிகமாகவே மிதந்தது.

"பாப்பா, உன்னோடது."

பாயசம் வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பெரியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்ட நேரம் அது. பெரியம்மா மாதிரியே வாயைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு, "வெத்தல போட்டுட்டேங்க்கா" என்றேன். நம்பமாட்டாரோ என்று நாக்கையும் நீட்டிக் காட்டினேன்.

யாரோ சிரித்தார்கள். நர்ஸ் அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி பாப்பா" என்றார்.

ஆளுக்கொரு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு கலைந்தோம். ஏன் வேறு யாருமே பாயசம் குடிக்கவில்லை என்று வெள்ளைக்காரம்மா அப்பாவிடம் கேட்டார். வெற்றிலை போட்ட பிறகு சாப்பிடக்கூடாது என்பது எங்கள் வழக்கம் என்று அப்பா ஆங்கிலத்தில் விளக்கினார். அந்தம்மா தலையை ஆட்டி, தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

படம் தொடங்கும்வரை நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நாக்கு அழகாகச் சிவந்திருந்தது. அம்மா குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அப்போது கிணற்றடியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நர்ஸ் அக்கா பட்டுச் சேலையை மாற்றியிருந்தார். ஒன்பது டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேள்வி வந்துவிட்டது, ஓடினேன்.

"வெள்ளக்காரம்மா தவிர யாருமே குடிக்கலயேக்கா, எல்லாத்தையும் ஏன் கழுவறீங்க?"

முதல்முறையாக அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சலுக்குச் செய்வதுபோலவே என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நாக்க நீட்டு."

நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் போவல. நாளைக்குப் போயிடும்" என்றார்.

இவ்வளவு அழகான சிவப்பு நாளைக்கே போய்விடுமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அன்றைக்கு நான் வருத்தப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.