கல்லாற்று எருமை

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. தேவைக்கு மேல் விவரம் சொல்லி மாட்டிக்கொள்வார்.

"பொன்முடி போற வழியில, கல்லார்ல ஒரு எருமை குறுக்க வந்துடுத்து. ஒரு கொம்பு ஒடிஞ்ச எருமையாக்கும். வண்டியத் திருப்பினேன், மரத்துல இடிச்சுடுத்து."

ஆபீஸ் விருந்தாளிகளைப் பொன்முடி மலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக் காரை எடுத்துப் போனவர். செல்போன் வீட்டுக்கு வந்த புதிது. இரண்டு நாளும் அது அணைந்தே கிடந்தது. ஞாயிறு ராத்திரி கார் வலப்பக்கம் நசுங்கி வந்து நின்றது.

எனக்கு அந்த ஒடிந்த கொம்பு உறுத்தியது. அவர் குளிக்கப் போனதும் கிலோமீட்டரைப் பார்த்தேன். எண்ணூறுக்கு மேல் கூடியிருந்தது. எங்கள் வீடிருக்கும் கரமனையிலிருந்து பொன்முடிக்கு ஆறு தடவை போய்வந்தாலும் அத்தனை வராது.

எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவர் சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெட்ரோல் வாடையும் கருகிய ரப்பர் வாடையும்தான் வீசின.

மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் படிவத்தை நீட்டினார். கார் என் பேரில் இருந்தது. விபத்து நடந்த இடம் கல்லாறு என்று அவரே எழுதியிருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு, போறும்."

போடாமல், சாலைக் கடைத்தெருவிலிருந்த ஏஜெண்டிடம் கொண்டு போனேன். நாகர்கோவில்காரர். என் சந்தேகத்தைச் சொல்ல வாய் வரவில்லை. முன்விளக்கு இரண்டிலும் பெருக்கல் குறி மாதிரி பசைத் தடம் இருக்கிறதே, எதனால் என்று மட்டும் கேட்டேன்.

"டேப் ஒட்டுன தடமாக்கும். ரேஸ் ஓட்டுறவங்க ஒட்டுவாங்க. கண்ணாடி உடைஞ்சா டிராக்ல செதறாம இருக்கணும்லா?" என்றவர் படிவத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ரேஸ் டிராக்ல இடிச்சா பாலிசியில ஒண்ணும் கிட்டாது, கேட்டியளா? பொய் எழுதுனா, மாட்டுறது கையெழுத்துப் போட்ட ஆளு. நீங்க வந்ததே எனக்குத் தெரியாது."

வீட்டில் நேராகக் கேட்டேன்.

"கோயம்புத்தூர் ரேஸ் டிராக்ல நம்ம காரையே ஓட்டலாமாம். ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு ஆசை. சொன்னா நீ விடுவியா?"

அப்பாடா, எவளும் இல்லை என்றிருந்தது. அந்த நிம்மதி காப்பி ஆறுவதற்குள் போய்விட்டது. நான் பாங்கில் வேலை பார்க்கிறவள். பொய்ப் படிவம் பிடிபட்டால் போவது என் வேலை. அது தெரிந்துதான் நீட்டியிருக்கிறார்.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். நசுங்கிய காரிலேயே இரண்டு வருஷம் போய்வந்தோம். எவளாவது இருந்திருந்தால்கூட, அதற்கு என் கையெழுத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.