ஹாஜா பாயின் பவர் சப்ளை

இதை நான் இட்டுக்கட்டவில்லை. நம்பாதவர்கள் கரையான்சாவடியில் என் கடைக்கு வரலாம். அந்த பவர் சப்ளை மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது. நீங்கள் தொட்டுப் பார்க்கலாம். நான் தொடுவதில்லை.

என் பெயர் ஜெகன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். போன வருடம் கோவில்பதாகை ஹாஜா மொய்தீன் பாய் தன் சிபியுவைத் தூசி தட்டக் கொடுத்தார். உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி, நல்ல பவர் சப்ளை. அதைக் கழற்றிக்கொண்டு, கடையில் கிடந்த பழையதை மாட்டி அனுப்பினேன். பழையதின் மேல் நீல மார்க்கரில் ‘ஜெ’ என்று எழுதி வைத்திருந்தேன். பாயின் நல்லதை கொரட்டூர் இருதயராஜின் கம்ப்யூட்டரில் போட்டேன். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈனப் புத்தி.

அதிலிருந்து பாயின் சிஸ்டம் ஒரு நாள் ஏறும், மூன்று நாள் ஏறாது. நான்கு தடவை பஸ் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டிவிட்டு, “உங்க ஏரியால கரண்ட் சரியில்ல பாய்” என்றேன். ஐந்தாவது தடவை அவர் வரவில்லை.

இந்த ஜூனில் அவர் மனைவி ஜுலைகா போன் செய்தார். பாய் இறந்து இரண்டு மாதமாம். மகள் தஸ்லீமின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. அசல் சான்றிதழ்கள் மழைவெள்ளத்தில் போய்விட்டன. பாய் ஸ்கேன் செய்து வைத்தது அந்த சிஸ்டத்தில் மட்டும்தான் இருந்தது.

நல்ல பவர் சப்ளை ஒன்றை எடுத்துப் போயிருக்கலாம். மாற்றினால் கேள்வி வருமே என்று வெறுங்கையோடு போனேன்.

மணி 4:10. மூடியைக் கழற்றினேன். அதே நீல ‘ஜெ’.

“அன்னிக்கும் ஒங்க கடைக்குத்தான் தம்பி கெளம்புனாரு,” என்றார் ஜுலைகா. “பொட்டியத் தூக்கிகினு... பஸ் ஸ்டாப்லயே நெஞ்சப் புடிச்சிகினு ஒக்காந்துட்டாரு.”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன்.

4:20. ஏறவில்லை.

4:31. விசிறி ஒரு சுற்று சுற்றியது... நின்றது.

4:38. தஸ்லீம் அழ ஆரம்பித்தாள். ஹார்டு டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோகவும் நேரமில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

4:41.

டொக்... டொக்.

தகரத்தின் மேல் இரண்டு தட்டு. யாரும் தொடவில்லை.

விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

பிளக் என் கையில் இருந்தது.

“அத்தா இப்டித்தான்... ரெண்டு தட்டு தட்டுவாரு,” என்றாள் தஸ்லீம். ஜுலைகா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4:57க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. 4:58க்கு எல்லாம் அணைந்தது. உள்ளே பார்க்கத் துணிவில்லை. மூடியை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆறரைக்கு போன். கொரட்டூர் இருதயராஜ்.

“அண்ணாத்தே, சிஸ்டம் படுத்துகினு கீது. நாலே முக்கா இருக்கும்... பட்டுனு போச்சு. இன்னா பண்ணாலும் ஏறல.”

மறுநாள் காலையில் போனேன். திருகாணிகளின் மேல் ஒரு வருடத் தூசி. மூடியின் மேல் நான் அன்று ஒட்டிய சீல் ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. கிழித்தேன். திறந்தேன்.

உள்ளே...

நீல மார்க்கரில் ‘ஜெ’. என் கையெழுத்துதான்.